முறத்தில் ஒதுக்கிய மல்லாட்டை

போன ஐப்பசியில் மரக்காணத்தை அடுத்த கிராமத்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். உப்பளத்தில் வேலை ஓய்ந்துவிட்ட சமயம். முதல் பெருமழை விழுந்ததும் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். பிறகு தை, மாசி வெயில் வந்தால்தான் மறுபடி உப்பு. அதுவரை பல வீடுகளில் கறவை மாடுதான் குடும்பத்துக்குப் படியளக்கிறது.

திண்ணையில் அத்தை முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நம்மில் பலர் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்கள். 'மணிலாக்கொட்டை' என்பது வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது! நல்ல பருப்பு ஒரு பக்கம். சுருங்கியது, கறுத்தது, பச்சையும் மஞ்சளுமாய்ப் பூசணம் பூத்தது இன்னொரு பக்கம்.

"அதை ஏன் அத்தே தனியா வைக்கறீங்க?"

"பூசணம் புடிச்சதும்மா. மனுசன் துன்ன முடியுமா? மாட்டுக்குத் தவிட்டோட சேத்துப் போட்டா துன்னுட்டுப் போவுது. பண்டத்தை வீணாக்கக் கூடாது இல்ல?"

நியாயமான பேச்சு. நம் அம்மாவும் பாட்டியும் சொன்ன பேச்சுதான். அன்று சாயங்காலம் அதே மாட்டைக் கறந்து, பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆற்றி, அத்தையின் இரண்டு வயதுப் பேரனுக்கு டம்ளரில் கொடுத்தார்கள். குழந்தை மீசை வைத்துக்கொண்டு குடித்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முறத்தில் ஒதுக்கிய கொட்டை, சுற்றிக்கொண்டு அந்த டம்ளருக்கே வந்து சேர்ந்துவிடுமே!

எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

வான்கோழிகள் சொன்ன பாடம்

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல். என்ன நோயென்றே தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் வியாதிக் கிருமி எதுவும் இல்லை. தீவனத்தில் இருந்தது கோளாறு. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சக்காளான் வளர்ந்து விஷத்தைச் சுரந்து வைத்திருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அந்தப் பெயரைச் சுருக்கி, விஷத்துக்கு 'அஃப்ளாடாக்ஸின்' என்று பெயரிட்டார்கள்.

இந்தப் பூஞ்சை எங்கோ சீமையில் இருப்பதல்ல. நம் மண்ணிலேயே இருக்கிறது. செடி வறட்சியில் வாடும்போது மண்ணுக்குள் இருக்கும் காயிலேயே ஏறிவிடும். அறுவடையில் மழை பிடித்துக்கொண்டாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் கொண்டாட்டந்தான். மல்லாட்டை மட்டுமா? மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, காய்ந்த மிளகாய் என்று பலவற்றிலும் வரும்.

இந்த விஷம் தாக்குவது முக்கியமாக ஈரலை. ஒரேயடியாக அதிகம் போனால் மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், சில சமயம் மரணம். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக் கணக்கில் போனால் ஈரல் புற்றுநோய்க்கு வழி வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்ற முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. 'ஹெபடைடிஸ் பி' கிருமி உள்ளவர்களுக்கு அபாயம் பல மடங்கு கூடும். பிறந்தவுடன் குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் நடந்தது

1974-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பக்கத்து மலைக் கிராமங்களில் ஜனங்களுக்குக் காமாலை கண்டது. வயிறு வீங்கியது. வேடிக்கை என்னவென்றால், சில வீடுகளில் மனிதருக்கு முன்பே நாய்கள் நோய்ப்பட்டுச் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து விஞ்ஞானிகள் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலானோர் விசாரித்தார்கள். நாயும் மனிதரும் தின்றது ஒரே மக்காச்சோள ரொட்டி! அறுவடையில் காலம் தப்பிய மழை. நனைந்த கதிரை அப்படியே வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 400 பேர் நோய்ப்பட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதற்கும் முன்பு மைசூரில் நடந்ததைக் கேட்டால் பெற்ற வயிறு கலங்கும். சத்துக்குறைவால் வாடிய குழந்தைகளுக்கு, தேறட்டும் என்று கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் இந்த விஷம் இருந்தது. குழந்தைகளுக்கு ஈரல் கெட்டது. 1971-இல் டாக்டர்கள் இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். சத்து என்று நினைத்துக் கொடுத்ததே கேடாய் முடிந்தது.

மாடு தின்றால் போயிற்றா?

இப்போது அத்தையின் மாட்டுக்கு வருவோம். பூசணக் கொட்டையையோ புண்ணாக்கையோ மாடு தின்றால், அதன் ஈரல் அந்த விஷத்தைக் கொஞ்சம் உருமாற்றிப் பாலில் வெளியே தள்ளுகிறது. பாலில் வருவதற்கு அஃப்ளாடாக்ஸின் எம்-1 என்று பெயர். மாடு தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாலில் இறங்கும். நிறையக் கறக்கிற மாடாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகவும் இறங்கலாம். தின்ற மறுநாளே பாலில் தெரியும்.

"காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" என்பீர்கள். இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். காய்ச்சினால் கிருமி சாகும். இந்த விஷம் கிருமி அல்ல. பாலைச் சுண்டக் காய்ச்சினாலும், தயிராகத் தோய்த்தாலும், கடலையைக் குக்கரில் வேக வைத்தாலும் இது முழுதாகப் போகாது. ருசியும் வாசனையும்கூடக் காட்டிக் கொடுப்பதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் எம்-1 அளவுக்கு மேல் இருந்தது. எந்த மாநிலத்தில் அதிகம் தெரியுமா? நம் தமிழ்நாட்டில்தான்! 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலப்பதைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். தீவனத்தைப் பற்றிப் பேசினோமா?

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். பால் நல்ல உணவுதான். திருத்த வேண்டியது மாட்டின் தொட்டியை. நல்ல சேதியும் உண்டு: கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளிலேயே பாலில் இந்த விஷம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஒரு சோறு பதம் போதாது

சரி, இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பூசணம் தெரிந்தால் ஒதுக்கலாம். ஆனால் எல்லாப் பூசணமும் இந்த விஷத்தைச் சுரப்பதில்லை. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் பருப்பில் விஷம் இருக்கவும் கூடும்.

அளவோ மிக மிகச் சிறிது. கடலைப் பருப்பில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. அப்படியே தின்பதற்கான பருப்பானால் 10. பாலில் அரை மைக்ரோகிராம். இது எவ்வளவு என்று மரக்காணத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்: மேஜை உப்பின் ஒரே ஒரு துகள் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் இருக்கும். அந்த ஒரு துகள் எடை விஷம் நாலு கிலோ பருப்பில் இருந்தால் அது எல்லைக்கோடு. பாலிலோ, நூறு லிட்டருக்கும் மேலான பாலில் ஒரு துகள்!

இத்தனை சிறியதைத் தேடிப் பிடிக்கும் வித்தையை விஞ்ஞானிகள் எங்கே கற்றார்கள் தெரியுமா? நம் உடம்பிடமிருந்துதான்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அப்போது உடம்பில் என்ன நடக்கிறது? வந்திருப்பது அந்நியன் என்று ரத்தம் அடையாளம் கண்டு, அவனை மட்டும் பிடிக்கக்கூடிய எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இதைத்தான் ஆன்டிபாடி என்கிறார்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, ஆயிரம் பொருளுக்கு நடுவிலும் தனக்கு உரியதை மட்டுமே அது போய்ப் பற்றும்.

இந்தக் குணத்தை அளவுகோலாக்கிக் காட்டியவர் ஒரு பெண்மணி. நியூயார்க்கில் ரோஸலின் யாலோ என்ற விஞ்ஞானி, தம் கூட்டாளி பெர்சனுடன் சேர்ந்து, ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு இன்சுலினை எதிர்ப்பொருளைக் கொண்டு அளந்தார். 1977-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் முறையில் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. 1971-இல் ஸ்வீடன் நாட்டில் ஈவா எங்வால் என்ற இன்னொரு பெண்மணியும் அவர் ஆசிரியர் பெர்ல்மனும், கதிரியக்கத்துக்குப் பதிலாக நிறம் காட்டும் என்ஸைமை வைத்து அதைச் சுலபமாக்கினார்கள். அந்த முறைக்குப் பெயர் எலிசா. பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் மாதிரி இல்லை?

அஃப்ளாடாக்ஸினில் ஒரு சிக்கல் இருந்தது. அது ரொம்பப் பொடிசு. முயலுக்கு ஊசியாகப் போட்டாலும் முயலின் உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் ஒரு பெரிய புரதத்தோடு அதைப் பிணைத்துப் போட்டார்கள். மூக்குத்தித் திருகாணி தொலையாமல் இருக்க அதைத் துணியில் குத்தி வைக்கிறோமே, அப்படி! பெரிய பொருளைக் கண்டு முயலின் உடம்பு விழித்துக்கொண்டது. புரதத்துக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கியது. அதில் ஒட்டியிருந்த விஷத்துக்கும் உண்டாக்கியது. 1976-இல் அமெரிக்காவில் லாங்கோன், ஹெலன் வான் வுனாகிஸ் என்ற இருவர் இப்படி உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு இந்த விஷத்தை அளந்து காட்டினார்கள்.

சோதனை நடப்பது இப்படி. சிறு சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. பார்க்கக் குட்டி இட்லித் தட்டு மாதிரி இருக்கும். குழியின் சுவரில் கொஞ்சம் விஷத்தை முன்கூட்டியே ஒட்ட வைத்திருப்பார்கள். அரைத்த கடலையிலிருந்து எடுத்த சாற்றையும், அளந்த எதிர்ப்பொருளையும் அதில் விடுவார்கள். சாற்றில் விஷம் இருந்தால் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு, கழுவும்போது அதோடு போய்விடும். சாறு சுத்தமாக இருந்தால்? பிடிக்க வேறு ஆளில்லாமல் சுவரில் உள்ளதைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். பிறகு நிறம் காட்டும் மருந்தை விடுவார்கள். நிறம் அழுத்தமாக வந்தால் கடலை நல்லது. வெளுத்துப் போனால் விஷம்.

இதையே அட்டையிலும் செய்துவிட்டார்கள். மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்குகிறோம் அல்லவா? அதுவும் எதிர்ப்பொருளால் வேலை செய்வதுதான். அதன் தங்கைதான் இந்தக் கடலை அட்டை. ஆனால் ஒரு விஷயத்தில் தலைகீழ். கர்ப்ப அட்டையில் இரண்டாவது கோடு தோன்றினால் 'ஆம்'. விஷ அட்டையில் அந்தக் கோடு மறைந்துபோனால்தான் 'ஆம்'.

சோதனை இவ்வளவு கெட்டியாக இருந்தும் ஒரு சங்கடம். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோமே, அந்தப் பழமொழி இங்கே செல்லாது. மூட்டையில் ஆயிரக்கணக்கான பருப்பு நல்லதாக இருந்து, நாலைந்தில் மட்டும் விஷம் குவிந்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்து 'நல்லது' என்று சொல்லிவிட முடியாது. மூட்டையின் மேலும் கீழும் நடுவிலுமாக, பல மூட்டைகளிலிருந்து எடுத்து, ஒன்றாக அரைத்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

பதன்சேருவிலிருந்து நாமக்கல் வரை

இந்தச் சோதனைக்கு வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக மருந்து வாங்கினால் நமக்குக் கட்டுப்படியாகுமா? ஹைதராபாத் பக்கத்தில் பதன்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்பொருளை இங்கேயே தயாரித்து, எலிசா சோதனையைக் குறைந்த செலவில் செய்யும்படி ஆக்கியது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு விவசாயிகள் சங்கத்துக்கும் அந்தச் சோதனைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தது. விஷம் இல்லை என்று சோதித்துக் காட்ட முடிந்ததால் அவர்கள் கடலை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 2016-இல், வயலுக்கே எடுத்துப் போய்ப் பதினைந்து நிமிடத்துக்குள் பார்த்துவிடும் கருவியையும் இக்ரிசாட் அறிவித்தது.

நம் மாநிலத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர்கள் அங்கே தீவனத்தைக் கொடுத்து அஃப்ளாடாக்ஸின் பார்க்கிறார்கள். கோழிக் குஞ்சுக்கும் வாத்துக் குஞ்சுக்கும் இந்த விஷம் சீக்கிரம் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக முடியாதுதான். ஆனால் பால் சொசைட்டியில் பத்துப் பேர் சேர்ந்து, வாங்குகிற தீவனத்தின் மாதிரியை அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே? கலப்புத் தீவனம் வாங்கும்போது இந்தியத் தரக் குறியான ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கலாம். அந்தத் தரத்தில் இந்த விஷத்துக்கும் எல்லை உண்டு.

உப்புச் சாடி சொல்லும் சேதி

எதிர்ப்பொருளால் விஷத்தைக் கண்டுபிடிக்கத்தான் முடியும்; எடுத்துவிட முடியாது. வராமல் காப்பது களத்திலும் வீட்டிலும்தான் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நம் கை வேலை.

காய்ச்சலில் உப்பளத்துப் பெண்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் காற்றில் உப்பு காயும், எந்தக் காற்றில் கசியும் என்று அவர்களுக்குத் தெரியும். காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசிய ஆரம்பிக்கும். கல்லுப்பு அதற்கும் முன்பே. அதற்குக் கொஞ்சம் மேலே போனால் பூஞ்சைக்குக் காலம். ஆகவே அடுப்படியில் உப்புச் சாடி தண்ணீர் விட்டால், கடலையையும் புண்ணாக்கையும் திறந்து வைக்காதே என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டில் கவனிக்க வேண்டியவை:

● காயை நன்றாகக் காய வையுங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். மழை வந்தால் மூடுங்கள். வெயில் வந்ததும் மறுபடி பரப்புங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டவே கூடாது.

● தோல் உரிக்கச் சுலபம் என்று காயைத் தண்ணீர் தெளித்து ஊற வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. விதைக்காக அல்ல, தின்பதற்கானால் அதை விட்டுவிடுங்கள். பூஞ்சைக்கு நாமே தண்ணீர் ஊற்றுவது அது.

● மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஓடோடு இருக்கும் காய் பருப்பைவிடப் பத்திரம். தேவைக்குத் தக்கபடி உடையுங்கள்.

● பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். விஷம் பெரும்பாலும் இவற்றில்தான் குவிந்திருக்கும். சத்து மாவுக்கோ இட்லிப் பொடிக்கோ வறுக்கும் முன் ஒருதரம் முறத்தில் கொட்டிப் பாருங்கள். பொடித்த பிறகு ஒன்றும் தெரியாது.

● தின்னும்போது கசந்தால் துப்பிவிடுங்கள். குழந்தையையும் துப்பப் பழக்குங்கள். கசக்காததெல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

● புண்ணாக்கைப் பதினைந்து நாளுக்குத் தேவையானது மட்டும் வாங்குங்கள். கட்டி தட்டியது, பூசண வாடை அடிப்பது வேண்டாம். எண்ணெய் ஆட்டும்போது விஷத்தில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். கெட்ட கொட்டையை எண்ணெய்க்கும் போடாதீர்கள்.

● பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு: தாய் தின்பது தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நல்ல பருப்பாகப் பார்த்துச் சாப்பிட்டால் போதும்.

● மாடு தீனி எடுக்காமல் பால் குறைந்தால் கால்நடை டாக்டரிடம் தீவனத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

அத்தை என்ன செய்தார்?

இத்தனையும் நான் அன்று ராத்திரி அத்தையிடம் சொல்லவில்லை. நாயும் மனிதரும் ஒரே ரொட்டியைத் தின்ற கதையை மட்டும் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "பத்து வருசமா போட்டுக்கினு இருக்கேனே, பாவி" என்றார்.

"தெரியாமச் செஞ்சது அத்தே. இன்னையோட விட்டா நாலு நாள்ல பால் சரியாயிடும்" என்றேன்.

காலையில் எழுந்து பார்க்கிறேன், தொட்டியில் தவிடு மட்டும் இருக்கிறது. மாடு, கோழி, நாய் எதுவும் கிளறாதபடி கொல்லையில் இடுப்பளவு குழி தோண்டி, ஒதுக்கிய கொட்டையை மருமகள் புதைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேற்று 'நல்லது' என்று சேர்த்த குவியலை மறுபடி கொட்டி ஆய்கிறார்.

"வீணாப் போவுதேன்னு பாத்தேன். இப்பத்தான் தெரியுது, வீணாப் போறது எதுன்னு" என்றார் என்னைப் பார்த்து.

நீங்களும் இன்று கடலை டப்பாவை ஒருமுறை முறத்தில் கொட்டிப் பாருங்கள், சகோதரிகளே. ஒதுக்குவதை எங்கே போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.